பிறந்தநாள் பேனரிலிருந்து பரிசோதனைக் கலை: ஒரு செய்முறை

மும்பை தாராவியின் 90 அடி ரோட்டில் கட்டியிருக்கும் பிறந்தநாள் பேனரை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் இருக்கும் பெரிய முகம் யாருடையது, மேலே வட்டத்துக்குள் இருப்பவர்கள் எவ்வளவு பெரிய ஆட்கள், கீழே நெருக்கியடித்து நிற்கும் சின்ன முகங்கள் எதற்கு என்பதெல்லாம் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். பல வருடங்களாகக் கட்டப்பட்ட எண்ணற்ற பேனர்கள் சேர்ந்து இந்தப் பழக்கத்தை மக்கள் கண்ணில் ஏற்றியிருக்கின்றன. பரிசோதனைக் கலை செய்யக் கிளம்புகிறவருக்கு இது சும்மா கிடைக்கும் மூலதனம்.

ஆனால் பலரும் அதைத் தொடுவதில்லை. சினிமாப் பாட்டு, பேனர், சீரியல், வாட்ஸ்அப் காலை வணக்கம் எல்லாம் நமக்கு ஆகாதவை என்று ஒதுக்கிவிட்டு வெறுங்கையோடு தொடங்குகிறார்கள். பார்ப்பவர் திடுக்கிட வேண்டுமென்றால் முதலில் அவர் மனசில் ஒரு எதிர்பார்ப்பு இருக்க வேண்டும். எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் எதை மீறினாலும் அது மீறலாகத் தெரியாது, புரியாத ஒன்றாகத்தான் தெரியும். "எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்மேல் தப்பில்லை. மீறுவதற்கு ஒரு விதியை முதலில் அவர் கையில் கொடுக்கவில்லை, அதுதான் குறை.

தமிழுக்கு இது பழைய வழி. மாணிக்கவாசகர் திருவாசகத்தில் அம்மானை, பொன்னூசல், சாழல், பூவல்லி, தெள்ளேணம் என்று பெண்கள் விளையாடும்போதும் வேலை செய்யும்போதும் பாடிய வடிவங்களை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆட்டமும் அடியும் பழசு, உள்ளே வைத்த பொருள்தான் வேறு. 1912இல் பாஞ்சாலி சபதத்தை வெளியிட்டபோது பாரதி முன்னுரையில் எளிய பதம், எளிய நடை, எளிதில் அறியக்கூடிய சந்தம், பொதுஜனங்கள் விரும்பும் மெட்டு என்று தன் அளவுகோல்களை வெளிப்படையாக எழுதிவைத்தார். அவர் கையிலெடுத்தது தெருவில் பாடப்பட்ட நொண்டிச் சிந்து. அன்றைக்கு அதைவிடப் புதிய காவியம் தமிழில் இல்லை.

முதல் வாரம்: எண்ணுங்கள்

ஒரே ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'வெகுஜனக் கலாச்சாரம்' என்று மொத்தமாக எடுத்தால் ஒன்றும் நடக்காது. பேனர், லோக்கல் ரயில் அறிவிப்பு, குத்துப்பாட்டு, கல்யாண வீடியோ, கூரியர் ரசீது, எதுவாகவும் இருக்கலாம். உங்களுக்கு உண்மையிலேயே பிடித்ததாக இருக்க வேண்டும். பிடிக்காததை எடுத்தால் வேலை கிண்டலில் போய் முடியும், கிண்டல் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது.

பேனர் என்று வைத்துக்கொள்வோம். சயன், தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் ஒரு நடை போனால் பத்துப் பேனர் கிடைக்கும். போனில் நேர் எதிரே நின்று படமெடுங்கள், சாய்வாக எடுத்தால் அளவு தப்பிவிடும். ஒவ்வொன்றிலும் இதையெல்லாம் எழுதுங்கள்: பேனர் உயரத்தில் பெரிய முகம் எவ்வளவு பங்கு, மொத்தம் எத்தனை முகம், மேல் வரிசையில் எத்தனை, கீழே எத்தனை, யார் எங்கே பார்க்கிறார்கள், கை எப்படி இருக்கிறது, எந்த மொழி பெரிதாக, எந்த மொழி சிறிதாக, எழுத்தைச் சுற்றி என்ன நிறத்தில் விளிம்பு. மராட்டியில் 'ஹார்திக் சுபேச்சா' (மனமார்ந்த வாழ்த்துகள்) எங்கே வருகிறது, 'சுபேச்சுக்' (வாழ்த்துவோர்) என்ற தலைப்பு எதற்கு மேலே வருகிறது, தமிழில் 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' என்று போட்டிருந்தால் அது எந்த மூலையில் என்றும் குறியுங்கள்.

பத்திலும் மாறாமல் வருவது விதி. அதைத் தனித்தாளில், ஒரு விதிக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். பேனருக்குப் பெரும்பாலும் ஏழெட்டு விதி தேறும். தலையின் அளவுதான் பதவி. மேலே இருப்பவர் ஆசி தருகிறார், கீழே இருப்பவர் வாழ்த்துகிறார். நாயகர் நம்மைப் பார்க்கிறார். ஆளை வெட்டி ஒட்டிய இடத்தில் வெள்ளை விளிம்பு உண்டு. பெயர் தங்க நிறத்தில் மின்னும். வெற்றிடம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

எந்த விதியைத் தொடுவது

ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் பார்ப்பவர் எதைப் பிடித்துக்கொள்வது என்று தடுமாறுவார், மூன்றை மாற்றினால் அது பேனரே இல்லை.

எதை மாற்றுவது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். முதலில் எல்லோருக்கும் தோன்றுவது 'எல்லா முகத்தையும் ஒரே அளவாக்கிவிடலாம்' என்பதுதான். கேட்க நன்றாக இருக்கும். செய்து பார்த்தால் பாஸ்போர்ட் போட்டோ ஷீட் மாதிரி ஆகிவிடும். ஏனென்றால் பேனரில் தலையளவு என்பது தூண், அதை உருவினால் கூரை விழுந்துவிடும். தூணைத் தொடாமல் சுவரில் கை வைக்க வேண்டும். சோதிக்க ஒரு எளிய வழி உண்டு: மாற்றிய வடிவத்தைச் சின்னதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் 'பேனர்' என்று தோன்றினால் நீங்கள் தொட்டது சுவர். தோன்றவில்லையென்றால் தூண்.

'நாயகர் நம்மைப் பார்க்கிறார்' என்பது நல்ல சுவர். அவரைத் திருப்பி நிறுத்துங்கள். எண்ணெய் வைத்து வாரிய பின்தலை, கஞ்சி போட்ட காலர், கழுத்தில் மாலை. மேலே பெரியவர்கள் வழக்கம்போல் ஆசி தருகிறார்கள், கீழே முப்பது பேர் வழக்கம்போல் வாழ்த்துகிறார்கள். தங்க எழுத்தில் பெயர் இருக்கிறது, முகம் மட்டும் இல்லை. தூரத்திலிருந்து பேனர் என்று நினைத்து வருகிறவர் பத்தடிக்குள் வந்ததும் நின்றுவிடுவார். அந்தப் பத்தடிதான் உங்கள் படைப்பு.

பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த புகைப்படத் தொடரில் இதே ஒழுக்கம் இருக்கிறது. ரவிவர்மா படத்திலும் பத்திரிகைப் படத்திலும் வந்த பெண் உருவங்களின் உடை, நிலை, பின்திரையை எல்லாம் நுணுக்கமாக மறுபடி அமைத்துவிட்டு, உள்ளே நிற்கும் ஆளாகத் தன்னையே வைத்தார். மும்பை ஓவியர் அதுல் தோடியா கடை ஷட்டர்களின்மேல் வரைந்தபோது, ஷட்டர் ஷட்டராகவே வேலை செய்தது: மேலே தூக்கினால் பின்னால் இன்னொரு ஓவியம். ஷட்டரை வெட்டிச் சட்டத்தில் மாட்டியிருந்தால் அது வெறும் தகரத்தில் வரைந்த படமாகிப் போயிருக்கும். மறைப்பதும் திறப்பதுமான அதன் தொழிலை அவர் விட்டுவைத்தார்.

பேனரை அடிப்பது

அறைக்குள் காட்ட 6 அடிக்கு 4 அடி போதும். முழு அளவில் 100 டிபிஐ (அங்குலத்துக்கு 100 பிக்சல்) வைத்தால் 7200க்கு 4800 பிக்சல், ஃப்ளெக்ஸுக்கு இதற்கு மேல் தேவையில்லை. நாயகர் உருவம் 3 அடி உயரம் என்றால் 3600 பிக்சல். சாதாரணப் போன் கேமராவின் 12 மெகாபிக்சல் படம் நெட்டாக எடுத்தால் 4000 பிக்சல் இருக்கும், அது சரியாகப் போதும். ஆனால் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். சின்ன முகங்கள் கொஞ்சம் மங்கலாக இருப்பது பேனரின் இயல்பு, அதைத் திருத்த வேண்டாம்.

படத்தை நீங்களே வடிவமைக்காமல், பேனர் போடும் கடையில் டிடிபி செய்கிறவரிடம் கொடுங்கள். வெள்ளை விளிம்பை எவ்வளவு தடிமனாகப் போடுவது, தங்க எழுத்தில் வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். கலைப்பள்ளியில் படித்தவர் போட்டால் இடைவெளி விட்டு, நிறத்தை அடக்கி, 'டீசன்ட்'டாக்கிவிடுவார். அங்கேயே படைப்பு செத்துவிடும். வழக்கமான கூலியில் குறைக்காமல் கொடுங்கள். காட்சிக்கு வைக்கும்போது பெயர்ப்பலகையில் அவர் பெயரும் வர வேண்டும். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை, பேனரின் பாதி அறிவு அவருடையது.

மும்பைக் கடைகளில் தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு. உங்கள் கணினியில் ஒழுங்காக இருந்த 'கொ' அவர்கள் கணினியில் திறந்ததும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்துவிடும். புள்ளி பக்கத்து எழுத்துக்குத் தாவும். அவர்களிடம் அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாததோ, அவர்கள் மென்பொருள் தமிழைச் சரியாகக் கோக்காததோதான் காரணம். தமிழ் வரிகளைக் கர்வ்ஸாக (எழுத்தாக இல்லாமல் வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, பிடிஎஃப்பாகக் கொடுத்தால் சிக்கலே இல்லை. மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது, அதனால் மாற்றாத கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் போகும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் திரையைப் பார்த்தே ஆக வேண்டும்.

திரையில் பளீரென்று இருக்கும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கும். கோப்பை சிஎம்ஒய்கே (அச்சு மையின் நான்கு நிறக் கணக்கு) ஆக்கிவிட்டு நிறத்தைத் தீர்மானியுங்கள். நான்கு பக்கமும் 2 அங்குலம் வெறுமனே விடச் சொல்லுங்கள், மடித்து ஐலெட் (கயிறு கோக்கும் உலோக வளையம்) அடிக்க அது வேண்டும். ஐலெட் 2 அடிக்கு ஒன்று. மூலைக்கு ஒன்றோடு நிறுத்தினால் நடுவில் தொய்ந்து, நாயகர் கூன் போட்டதுபோல் ஆகிவிடுவார். கீழ்மடிப்புக்குள் ஒரு பிவிசி பைப்பைச் செருகினால் காற்றுக்கு ஆடாது.

காதால் செய்கிறவர்களுக்கு

லோக்கல் ரயிலில் அடுத்த ஸ்டேஷனைச் சொல்லும் குரலை மும்பைத் தமிழர் தூக்கத்திலும் கேட்பார். மூன்று மொழியில் ஒரே பெயர் வரும். விதிகளை எழுதினால் தெரியும்: ஒரு அறிமுக வார்த்தை, பிறகு பெயர், அதே ஏற்ற இறக்கம், மறுபடி அடுத்த மொழி. இதில் தூண் எது? அந்தக் குரலும் அதன் தாளமும். சுவர் எது? ஊர்ப்பெயர். பெயரை மட்டும் எடுத்துவிட்டு, அது இருந்த நேர அளவை அப்படியே காலியாக விடுங்கள். 'அக்லா ஸ்டேஷன்' (அடுத்த ஸ்டேஷன்) என்று சொல்லி நின்றுவிடும் குரலுக்குப் பின்னால் கேட்பவர் தன் ஸ்டேஷனைத் தானே நிரப்பிக்கொள்வார்.

பதிவு செய்ய ஏசி லோக்கல் நல்லது. கதவு மூடியிருப்பதால் காற்று அடிக்காது. சாதாரணப் பெட்டியில் மின்விசிறிக்குக் கீழே உட்காராதீர்கள். மதியம் 12 முதல் 3 வரை கூட்டம் குறைவு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாக எடுங்கள். குரல் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கட்டும். போனில் எடுத்தால் தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைக்க விடும் செயலியைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் குரல் நின்றதும் தண்டவாளச் சத்தம் பொங்கி மேலே வரும், வெட்டி ஒட்டினால் அது காட்டிக்கொடுத்துவிடும். முக்காலியும் பெரிய மைக்கும் கொண்டு போனால் ரயில்வே அனுமதி கேட்பார்கள். கையில் பிடித்த சின்னக் கருவியே போதும்.

அறிவிப்பு இல்லாத நேரத்தில் அதே பெட்டியின் சும்மா ஓசையை ஒரு நிமிடமாவது தனியாக எடுத்து வையுங்கள். புதியவர்கள் மறப்பது இதைத்தான். பெயரை வெட்டிய இடத்தில் முழு நிசப்தம் வைத்தால் கேட்பவர் 'ஸ்பீக்கர் கெட்டுவிட்டது' என்று நினைப்பார். ரயில் ஓடிக்கொண்டிருக்க, பெயர் மட்டும் இல்லாமல் போக வேண்டும். பெட்டி ஓசையை அந்த இடைவெளியில் வைத்து, இரண்டு முனையிலும் 10 முதல் 20 மில்லிசெகண்ட் ஒன்றின்மேல் ஒன்று கரையவிட்டால் தையல் தெரியாது. 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் அலை பூஜ்யத்தைத் தொடாத இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எத்தனை முறை திரும்ப வரலாம்? நான்கு ஸ்டேஷனுக்குக் குறைந்தால் பழக்கம் படியாது, பன்னிரண்டைத் தாண்டினால் சலித்துவிடும். முதல் இரண்டு ஸ்டேஷனில் பெயரை விட்டுவையுங்கள். மூன்றாவதிலிருந்து எடுங்கள். விதியை முதலில் நினைவூட்டிவிட்டுப் பிறகு மீறுவது அப்படித்தான்.

பிரெஞ்சு வானொலியில் பொறியாளராக இருந்த பியர் ஷேஃபர் 1948இல் பாரீஸின் பாத்தினோல் ஸ்டேஷனில் ரயில் எஞ்சின் சத்தத்தைப் பதிவுசெய்து, அதை வைத்தே ஒரு இசைத் துண்டு செய்து அக்டோபர் 5ஆம் தேதி ஒலிபரப்பினார். அன்றைக்கு அவர் கையில் டேப் கிடையாது. இசைத்தட்டின் ஒரு பள்ளத்தைத் தன்னோடே மூடிச் சுற்றவிட்டு ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப வரவைத்தார். 78 சுற்றுத் தட்டில் ஒரு சுற்று ஏறக்குறைய 0.77 வினாடி. இன்றைய கணினியில் அதே நீளத்துக்கு ஒரு லூப் போட்டுப் பாருங்கள்: ஐந்தாறு சுற்றுக்குள் அர்த்தம் உதிர்ந்து வெறும் தாளம் மிஞ்சும். அந்தத் தாளம் வேண்டுமா, அர்த்தம் வேண்டுமா என்று முடிவு செய்துவிட்டு நீளத்தைத் தீர்மானியுங்கள்.

எழுத்தாளருக்கு ஒரு பயிற்சி

எல்லோருக்கும் தெரிந்த ஒரு தாலாட்டு மெட்டை எடுத்து, வார்த்தையை நீக்கித் தத்தகாரமாக எழுதுங்கள். பிறகு அதற்குள் மும்பையின் 11 மாத வாடகை ஒப்பந்தத்தை வையுங்கள்: டெபாசிட், நோட்டீஸ் காலம், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, எல்லாம். மெட்டு தூண், பொருள் சுவர்.

'தானன தானன தானானா' என்றால் 'வாடகை ஏறுது தாராவி' உட்காரும். கடைசி 'வி' குறில், பாடும்போது 'வீ' என்று நீளும். வரி முடிவில் காது அதை மன்னிக்கும். ஆனால் 'வாடகை' இருக்கும் இடத்தில் 'முதலில்' என்று போட்டால் நெடில் விழ வேண்டிய இடத்தில் குறில் வந்து 'மூதலில்' என்று பாட வேண்டியதாகிவிடும். தப்பு வரியின் தொடக்கத்தில் வந்தால் மறைக்கவே முடியாது. வாய்விட்டுப் பாடிப் பார்க்காமல் ஒரு வரியையும் முடித்ததாக எண்ண வேண்டாம்.

ஒப்பந்தத்தின் வார்த்தைகளை வேடிக்கையாக்காதீர்கள், அவற்றின் விறைப்பு அப்படியே இருக்கட்டும். தூங்கவைக்கும் மெட்டில் 'ஒரு மாத முன்னறிவிப்பின்றி' என்று வரும்போது வயிற்றைப் பிசைய வேண்டும். சிரிப்பு வந்தால் வரட்டும், நீங்கள் வரவழைக்க வேண்டாம்.

சட்டம், சுருக்கமாக

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கான உரிமை, வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆனால் அதன் பாட்டுக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு, எழுதியவரும் இசையமைத்தவரும் மறைந்து 60 ஆண்டு ஆக வேண்டும். பழைய படம் என்பதால் பாட்டும் பொது என்று நினைத்துவிடாதீர்கள். 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் ஆய்வுக்கும் இடம் தருகிறது, எல்லாப் படைப்புக்கும் அது கேடயம் ஆகாது. நாட்டார் மெட்டிலிருந்து தொடங்குவது நிம்மதி. பேனரில் வரும் முகங்கள் உங்கள் நண்பர்களுடையதாக, அவர்கள் எழுதிக் கொடுத்த சம்மதத்துடன் இருக்கட்டும். தலைவர்கள் படம் வேண்டாம். தெருவில் கட்ட மாநகராட்சி அனுமதி வேண்டும். பொது இடத்தை அலங்கோலப்படுத்துவதற்கு எதிராக மகாராஷ்டிரத்தில் 1995ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. அறைக்குள்ளோ சொந்தச் சுவரிலோ மாட்டுங்கள்.

யாருக்கு முதலில் காட்டுவது

கேலரிகள் இருக்கும் காலா கோடாவில் காட்டும் முன் அசல் வடிவத்தோடு வாழ்கிறவர்களுக்குக் காட்டுங்கள். பேனர் கடைக்காரர், பேனரில் தன் முகம் வந்த ஒரு தம்பி, தினமும் லோக்கலில் போகும் ஒரு அக்கா. விளக்கம் சொல்லாமல் காட்டிவிட்டு, எங்கே நிற்கிறார்கள், எத்தனை வினாடி கழித்துப் பேசுகிறார்கள், முதலில் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். "ஏன் திரும்பி நிக்கிறாரு?" என்று கேட்டால் சரியாக வந்திருக்கிறது. "யாரைக் கிண்டல் பண்றீங்க?" என்று கேட்டால் உங்கள் கை எங்கோ அழுந்திவிட்டது, பெரும்பாலும் பெயரிலோ உடையிலோ. திரும்பப் போய் அதைச் சரிசெய்யுங்கள். "நல்லாருக்கு" என்று உடனே சொல்லிவிட்டால் மாற்றம் கண்ணில் படவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கேலரிக்கு வருகிறவர் 'அடித்தட்டு அழகியல்' என்று ஏதாவது பேசிச் சமாளித்துவிடுவார். இவர்கள் சமாளிக்க மாட்டார்கள்.

காட்சி முடிந்ததும் ஃப்ளெக்ஸைச் சுருட்டிப் பரணில் போட வேண்டாம். மும்பையில் பழைய பேனர் ஜூன் மாதம் மழைக்கு முன்னால் கூரைமேல் ஏறும். நீங்கள் 2 அடிக்கு ஒன்றாக அடித்த ஐலெட்டில் கயிறு கோத்து இழுத்துக் கட்டினால் தகரக்கூரைக்கு மேல் நன்றாக நிற்கும். கேட்டுவைத்திருப்பவர் யாராவது இருப்பார்கள், கொடுத்துவிடுங்கள். அச்சடித்த பக்கத்தைக் கீழே வைத்துக் கட்டச் சொன்னால் நிறம் சீக்கிரம் வெளுக்காது, ஓட்டை இருக்கும் இடத்தில் வீட்டுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் பின்தலை தெரியும்.